கூண்டில் கடல்

எங்கள் ஊர்க் கடலின் மேல் ஒரு ரிப்போர்ட் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊர் பட்டர்வொர்த், பழைய ஆட்களுக்குப் பாகான். கடல் என்றதும் பெரிய சமுத்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெட்டியில் நின்றால் எதிர்க்கரையில் ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் தெரியும். நடுவில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீரிணை, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரிப் படகை முதுகில் சுமந்துகொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் அலைகிற கூலிக்காரக் கடல். எனக்கு அதன் மேல் சொந்தப் பகை ஏதும் இல்லை. ஆனால் குற்றம் பெரிது: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பது. கைகாட்டியவரும் லேசுப்பட்டவர் இல்லை. நாட்டின் அன்றைய போலீஸ் படைத் தலைவர்.

2013 அக்டோபர் 1ஆம் தேதி தலைமைக் கணக்காய்வாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2010 முதல் 2012 வரை அரச மலேசியப் போலீஸ் படை தொலைத்த சாமான்களின் மதிப்பு 13 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் என்று அதில் இருந்தது. கைவிலங்கு, வாகனம், வாக்கி டாக்கி, அவற்றோடு 44 துப்பாக்கி. கைவிலங்கு தொலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் பையன்கள் சிலருக்கு அந்த வருஷம் மணிக்கட்டு வலி மிச்சமாகியிருக்கும். வாகனம் போனதையும் மன்னிக்கலாம். கார் களவு போவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். போலீஸில் போய்ப் புகார் கொடுக்க வேண்டும், அவர்களுக்கு அந்த வகையில் பஸ் செலவு மிச்சம். துப்பாக்கிதான் தொண்டையில் நிற்கிறது.

நாடு கேட்டது, எங்கே ஐயா போயின? படைத்தலைவர் காலிட் அபு பாக்கார் பதில் சொன்னார். சில துப்பாக்கிகள் கடலில் விழுந்திருக்கலாமாம்.

'விழுந்தன' இல்லை, கவனியுங்கள். 'விழுந்திருக்கலாம்.' ஒரு 'லாம்' விகுதிக்குள் எத்தனை துப்பாக்கியை வேண்டுமானாலும் வைத்துப் பூட்டலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாற்பத்து நான்கும் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. எந்தக் கடல் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் நீரிணையைப் பிடித்துக்கொண்டேன். கடல் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவது இங்கே புது வழக்கமும் இல்லை.

நீங்களோ நானோ ஐசியை, அதாவது அடையாளக் கார்டைத் தொலைத்தால் என்ன நடக்கும்? முதல் தடவை என்றால் 100 ரிங்கிட் அபராதம், புதுக் கார்டுக்குப் 10. எங்கே தொலைத்தாய், எப்போது தொலைத்தாய், அரசாங்கம் கொடுத்த பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா? "பெரியில் போகையில் கடலில் விழுந்திருக்கலாம் புவான்" என்று கவுண்டரில் சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பார். 110 ரிங்கிட்டை அப்போதே எண்ணி வைத்துவிடுவது நல்லது. ஐசி சுடாது. அதற்கே இவ்வளவு.

சரி, சட்டம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதற்கென்றே 1971இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவு, இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவர் எவரும் ஆயுதக் கடத்தல்காரர் என்றே கொள்ளப்படுவார் என்கிறது. இல்லை என்று காட்டுவது அவர் பாடு. அன்றைய நிலையில் தண்டனை மரணம், அல்லது ஆயுள் சிறையோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. படைத்தலைவரின் வாக்குப்படி பார்த்தால் கடல் கையில் இரண்டுக்கு மேலே இருக்க வாய்ப்புண்டு. தூக்குக்குக் கழுத்து வேண்டும், அது கடலுக்கு இல்லை. பிரம்படிக்கு முதுகு வேண்டும். அது இருக்கிறது.

கடலைத் தண்டிப்பது நமக்கு ஆகாத காரியமும் இல்லை. பொங்கி வந்த கடல் சுவறும்படி உக்கிரகுமார பாண்டியன் வேல் விட்டான் என்பது திருவிளையாடல் புராணம். ஆனால் அவன் கையில் இருந்தது ஒரே ஒரு வேல். அது எங்கே போயிற்று என்று கணக்காய்வாளர் கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்கும்.

ஆகவே வழக்கை நானே நடத்துகிறேன். மன்றம், எங்கள் காப்பிக்கடை முன்னால் உள்ள அஞ்சடி. நீதிபதி, கடை முதலாளி தவுக்கே. சட்டம் படித்தவர் இல்லைதான். ஆனால் முப்பது வருஷமாக யார் யார் எத்தனை காப்பி, எத்தனை ரொட்டி கடன் என்று 555 நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கோப்பை தவறியதில்லை. நாட்டின் ஆயுதக் கிடங்குகளுக்கு அந்தச் சின்ன நோட்டை ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. விலையும் அதிகமில்லை.

கடலுக்கு முன்கேஸ் உண்டா என்று தவுக்கே கேட்டார். உண்டு.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு எஃப்-5 என்பது விமானத்தின் பெயர் இல்லை, ஒரு சத்தம். எழுபதுகளின் நடுவிலிருந்து அந்த டைகர் போர் விமானங்கள் எங்கள் விமானப்படைத் தளத்தில் இருந்தன. வகுப்பில் வாத்தியார் குறளின் முதல் அடியைச் சொல்லி முடிக்கையில் ஒன்று தலைக்கு மேலே பறக்கும். இரண்டாம் அடி எங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. நாட்டைக் காக்கிற சத்தம் என்று பொறுத்துக்கொண்டோம். அந்த டைகருக்குரிய ஜே85 ரக ஜெட் எஞ்சின்கள் இரண்டு, கோலாலம்பூர் சுங்கை பீசி தளத்துக் கிடங்கிலிருந்து 2007 கடைசி வாக்கில் காணாமல் போயின. போனது தெரிந்தது 2008இல். நாட்டுக்குத் தெரிந்தது 2009 டிசம்பரில். ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ. சட்டைக்குள் செருகிக்கொண்டு காவல் வாசலைத் தாண்டும் சாமான் இல்லை. தேடிக்கொண்டு போனால் பூமியின் அந்தப் பக்கம், தென்னமெரிக்காவில், உருகுவேயில் இருக்கிறது என்றார்கள். நம்மில் பல பேர் உருகுவேயைப் பந்தாட்டத்தில் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். எஞ்சின் போய்ப் பார்த்துவிட்டது.

களவு நடந்தபோது தற்காப்பு அமைச்சர் நஜிப். விஷயம் வெளியே வந்தபோது அவரே பிரதமர். மூடி மறைக்கும் பேச்சே இல்லை என்றார். 2010 ஜனவரியில் இருவர் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒருவர் விமானப்படை சார்ஜென்ட், மற்றவர் வியாபாரி. இருவர் பெயரும் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் வரக்கூடிய பெயர்கள். விசாரணையில் தன்னை வதைத்து வாக்குமூலம் கேட்டார்கள் என்று அந்த சார்ஜென்ட் சொன்னார். வேறு சிலரை வேலையிலிருந்து நீக்கியதாகவும் செய்தி வந்தது. நீக்கினால் வீட்டுக்குப் போவார்கள். கூண்டுக்குப் போனவர்கள் இந்த இருவர்தான்.

ஒரு போர் விமான எஞ்சின் தளத்தை விட்டு வெளியே போக எத்தனை கையெழுத்து வேண்டும்? கிடங்குப் பேரேட்டில் ஒன்று, வாசலில் ஒன்று, லாரிக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. இத்தனைக்கும் மேலே உட்கார்ந்து உத்தரவு போட்ட பெரிய மனிதர் ஒரு தமிழ் சார்ஜென்ட்தான் என்றால், சந்தோஷம். மலேசிய விமானப்படையை நம் ஆள் ஒருவர் ஆண்ட காலமும் இருந்திருக்கிறது. சரித்திரப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி நம் கட்சிக்காரர்கள் ஒரு மகஜர் கொடுக்கலாம். மகஜர் கொடுப்பதில் அவர்கள் கெட்டி.

இதைக் கேட்ட தவுக்கே, எஞ்சின் கடல் மேலே போனதா, கடலுக்குள்ளே போனதா என்று கேட்டார். மேலே என்றேன். அப்படியானால் கடல் வெறும் ரோடு, ரோட்டின் மேல் எப்படிக் கேஸ் போடுவது என்றார். குறித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் ஒரு பாயிண்ட் போயிற்று.

மீண்டும் 2013. அது சுடுகிற வருஷம். ஜூலை 27ஆம் தேதி, குற்றக் கண்காணிப்பு அமைப்பான மைவாட்ச்சின் தலைவர் சஞ்சீவன் சுடப்பட்டார், பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அரபு மலேசிய வங்கியைத் தோற்றுவித்த ஹுசேன் நஜாடி கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த நாட்டில் சட்டப்படி ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு துப்பாக்கிச் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. அவை எங்கிருந்து வருகின்றன என்று எங்கள் ஊரில் யாரும் ஜோசியம் கேட்பதில்லை. வடக்கே எல்லை. பாடாங் பெசாரில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம், பட்டர்வொர்த் ஸ்டேஷன். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து நெடுஞ்சாலை. எல்லைக்கு அந்தப் பக்கம், தென் தாய்லாந்தில், 2004இலிருந்து துப்பாக்கிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்தப் பாதையில் அரிசி வருகிறது, மாம்பழம் வருகிறது, சிகரெட் வருகிறது. துப்பாக்கி மட்டும் சுங்கச் சாவடியைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடும் என்று எப்படி நம்புவது?

ஆகஸ்டு 19ஆம் தேதி, நீரிணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை நிபோங் அடுக்குமாடி ஒன்றில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. ஐவரும் இந்தியர். கும்பல் ஆட்கள் என்றது போலீஸ். அவர்கள் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட துப்பாக்கி எந்த ரயிலில் வந்தது, எந்த லாரியில் வந்தது, எந்த அதிகாரி அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டார், யாருடைய கிடங்கில் அது முன்பு தூங்கியது? பதில் சொல்ல அந்த ஐவரில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை.

ஆகஸ்டு 29ஆம் தேதி உள்துறை அமைச்சு ஒரு கணக்கு வெளியிட்டது. நாட்டில் 49 குண்டர் கும்பல்கள், 40,313 உறுப்பினர்கள், அவர்களில் நூற்றுக்கு 71 பேர் இந்தியர். மக்கள்தொகையில் நாம் அப்போது நூற்றுக்கு ஏழு சொச்சம். எங்கள் தெருவில் கும்பல் இல்லை என்று சாதிக்க வரவில்லை. 04, 08, 36 என்ற எண்களைச் சுவரிலும் மோட்டார் சைக்கிளிலும் பார்த்தே வளர்ந்தவன் நான். தோட்டம் விற்கப்பட்டபோது பாத்திரம் பண்டத்தோடு ரோட்டுக்கு வந்து, டவுன் அடுக்குமாடியில் ஒண்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கும்பல் பையன்கள். அவர்கள் செய்கிற அட்டூழியத்தில் முதல் அடி வாங்குவதும் நாங்கள்தான்.

என் ஆச்சரியம் வேறு. அந்தக் கடைசிப் பதின்மூன்று பேரைப் பாருங்கள். நாற்பதாயிரம் என்று குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. 40,313. அந்தப் பதின்மூன்றாவது பையன் எந்தப் பிளாக், எந்த மாடி, அம்மா எந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை என்பதுவரை தெரியாமல் இந்தக் கணக்கு வராது. தலைமறைவாகத் திரிகிறவனைத் தலை தலையாக எண்ண முடிகிறது. பூட்டு, பேரேடு, கையெழுத்து, காவல் எல்லாம் போட்டு வைத்த நாற்பத்து நான்கு இரும்புத் துண்டு எங்கே என்று கேட்டால் கண் கடல் பக்கம் திரும்புகிறது.

அதே அக்டோபரில், கணக்காய்வு அறிக்கை வந்த சூட்டோடு, மலாக்காவில் உள்துறை அமைச்சர் அமாட் ஸாஹிட் ஹமிடி மூடிய அரங்கில் பேசினார். ஒலிப்பதிவு வெளியே வந்துவிட்டது. நாற்பதாயிரம் குண்டர்களில் இருபத்தெட்டாயிரம் பேர் இந்தியர்கள், இனி எச்சரிக்கை தேவையில்லை, ஆதாரம் இருந்தால் முதலில் சுடுங்கள் என்ற பொருளில் போயிற்று பேச்சு. கையில் ஓர் அறிக்கை, 44 துப்பாக்கி காணோம் என்கிறது. வாயில் ஒரு கட்டளை, முதலில் சுடு என்கிறது. அமைச்சர் அவர்களே, முதலில் தேடு.

இந்த அமைச்சரின் ஜாதகத்தையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். 2009 ஏப்ரலில் தற்காப்பு அமைச்சர். அந்த டிசம்பரில் எஞ்சின் கதை வெடித்தது. 2013 மே மாதம் உள்துறைக்கு மாறினார். அக்டோபரில் துப்பாக்கிக் கதை. நியாயமாகப் பேசினால் எஞ்சினும் துப்பாக்கியும் அவர் அந்த நாற்காலிகளில் உட்காருவதற்கு முன்பே போனவை. பாவம், போன இடமெல்லாம் காலிப் பெட்டி. 2015 மே மாதம் பெர்லிஸ் மலைக்காட்டில் மூன்றாவது கதை. அப்போதும் உள்துறை அவரிடமே. இன்றைக்குத் துணைப் பிரதமர்.

அந்த மூன்றாவது கதையில் கடல் இல்லை. இருந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

வாங் கெலியான். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காகப் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லையின் இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வந்த இடம். இங்கிருந்து ஒரு பஸ் பிடித்து எங்கள் ஊர்ப் பெண்கள் மலிவுத் துணி வாங்கப் போனதுண்டு. அதற்கு மேலே உள்ள காட்டில், ரோஹிங்யாக்களையும் வங்காளதேசிகளையும் கூண்டில் அடைத்து, ஊரில் இருக்கும் உறவினரிடம் பணம் கறந்த முகாம்கள் இருந்தன. பணம் வராதவர்கள், நோயில் விழுந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2015 மே 25ஆம் தேதி அறிவிப்பு வந்தது: 28 முகாம்கள், 139 புதைகுழிகள். அறிவித்தவர் அதே படைத்தலைவர் காலிட். மே மாதத்தில் நாடு அதிர்ந்தது. ஆனால் எல்லையில் ரோந்து போன போலீஸ்காரர்கள் ஜனவரியிலேயே முகாமைக் கண்டுவிட்டார்கள். தடயவியல் ஆட்கள் மலை ஏறுவதற்குள் முகாம்களைப் பிரித்துப் போட்டாயிற்று. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே நான்கு மாதம். மலையில் செடி முளைக்க அது போதும்.

2019இல் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. முன்னாள் தலைமை நீதிபதி அரிபின் ஸக்காரியா தலைமை தாங்கினார். சாட்சிகள் வந்தார்கள், அறிக்கை எழுதப்பட்டது, அது பொதுமக்கள் கண்ணில் படவே மேலும் வருஷங்கள் பிடித்தன. முடிவு என்ன? கடத்தல் கும்பலோடு மலேசிய அமலாக்க அதிகாரி எவருக்கும் தொடர்பில்லை. ஆனால் கடும் அலட்சியம் நடந்திருக்கிறது. சாவுகளைத் தடுத்திருக்க முடியும்.

அலட்சியம் நடந்தது! அதற்குக் கால் இருக்கிறது, தானே நடக்கும். அதற்கு ஐசி நம்பர் உண்டா? எந்த ரேங்க்? மாசக் கடைசியில் சம்பளம் வாங்குகிறதா? பென்ஷன் உண்டா? 139 குழி தோண்டும் நேரம் முழுக்க அந்த மலையடிவாரத்தில் அரசாங்கச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்த அந்த அலட்சியத்தை யாராவது கூண்டில் ஏற்றிக் காட்டுங்கள். 2023இல் நான்கு பேரைக் கொண்டுவந்து பெர்லிஸில் குற்றம் சாட்டினார்கள். நான்கு பேரும் தாய்லாந்துக்காரர்கள். துப்பாக்கிக்குக் கடல், எஞ்சினுக்குச் சார்ஜென்ட், புதைகுழிக்குத் தாய்லாந்து. நம் பக்கம் எல்லாரும் சுத்தம்.

இந்த இடத்தில் ஒரு டத்தோ தொண்டையைக் கனைப்பார்: அமெரிக்காவில் நடக்கவில்லையா? நடந்தது டத்தோ. நல்லதாகப் போயிற்று, அதையும் பேசுவோம். 2009இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், மதுவும் புகையிலையும் துப்பாக்கியும் கவனிக்கிற அவர்களுடைய மத்திய இலாகா ஒரு தந்திரம் செய்தது. பினாமிகள் கடையில் துப்பாக்கி வாங்கட்டும், தடுக்க வேண்டாம், பின்னாலேயே போனால் மெக்சிகோவின் போதைக் கும்பல் தலைவன் வீட்டு வாசலைக் கண்டுபிடித்துவிடலாம். கார் பந்தயப் படத்தின் பெயரை வைத்தார்கள், 'ஃபாஸ்ட் அண்டு ஃபியூரியஸ்' என்று. ஏறக்குறைய 2,000 துப்பாக்கிகள் போயின. பின்னாலேயே போக வேண்டியவர்கள் போகவில்லை. 2010 டிசம்பர் 14ஆம் தேதி இரவு எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடந்த இரண்டு ரைஃபிள்களின் எண்ணைப் பார்த்தால், இலாகா தெரிந்தே விட்டுவிட்ட துப்பாக்கிகள்.

அங்கேயும் முதலில் பொய்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் நீதித்துறை எழுதிக் கொடுத்தது. ஆனால் ஜான் டாட்சன் என்ற உள் அதிகாரியே வாயைத் திறந்துவிட்டார். டிசம்பரில் அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கினார்கள். ஆவணங்களைத் தர மறுத்ததற்காக 2012 ஜூன் 28ஆம் தேதி, பதவியில் இருந்த தலைமை வழக்கறிஞர் எரிக் ஹோல்டரைக் கீழவை 255க்கு 67 என்று அவமதிப்புக் குற்றத்தில் நிறுத்தியது. அரசியல் கணக்கு அதில் இல்லாமலில்லை. செப்டம்பரில் 471 பக்க அறிக்கை. எங்கே எவர் கோட்டை விட்டார் என்று எழுதி, 14 அதிகாரிகளை ஒழுங்கு நடவடிக்கைக்குக் காட்டிக் கொடுத்தது.

கைதட்டச் சொல்லவில்லை. ஹோல்டர் சிறைக்குப் போகவில்லை. அந்தத் துப்பாக்கிகளால் மெக்சிகோவில் செத்தவர்களின் தாய்மாருக்கு எவரும் 471 பக்கம் எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்த நாட்டுக்குக் கிழக்கே ஒரு சமுத்திரம், மேற்கே ஒரு சமுத்திரம். இரண்டாயிரம் துப்பாக்கியைத் தொலைத்தவர்கள், ஒன்றின் மேல்கூடப் பழி போடவில்லை. அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த மூளை இங்கே மட்டும்தான் விளைகிறது.

நம் பக்கம் தப்பைத் திருத்தும் வேலை நடக்காமல் இல்லை. துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்பதற்குப் பதிலாக 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்ற விசாரணை இல்லாமல் இரண்டு வருஷம் அடைத்து வைக்கும் அதிகாரத்தைச் சேர்த்தார்கள். யாருடைய பிள்ளைகளை அடைக்க என்று 71 சதவீதக் கணக்கே சொல்லிவிட்டது. போலீஸை விசாரிக்க ஒரு சுதந்திர ஆணையம் வேண்டும் என்று 2005இல் அரச ஆணையம் ஒன்று தன் 125 பரிந்துரைகளில் சொல்லியிருந்தது. பதினெட்டு வருஷம் பேறுகாலம். 2023 ஜூலையில் பிறந்த குழந்தைக்குப் பல் இல்லை. தானாகத் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கலாம். மறுபடியும் 'லாம்'.

2024 மார்ச்சில் ஓர் இஸ்ரேலியர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். 12ஆம் தேதி இறங்கினவர் 27ஆம் தேதி ஜாலான் அம்பாங் ஹோட்டல் அறையில் பிடிபட்டார், ஆறு கைத்துப்பாக்கியோடு. ஊர் தெரியாத, மொழி தெரியாத ஆளுக்கு இரண்டு வாரத்தில் ஆறு. எங்கள் ஊரில் பென்ஷன் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க அதைவிட நாளாகும்.

தவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடலைக் கூப்பிடு என்றார். கூப்பிட்டோம். ஈர வாடையோடு வந்து நின்றது.

கடலுக்கு வக்கீல் இல்லை. அதுவே பேசியது. "என்னிடம் விழுகிற சாமானை நான் வைத்துக்கொள்வதில்லை தவுக்கே. செருப்பு, தேங்காய், பிளாஸ்டிக் போத்தல், எல்லாவற்றையும் பாகான் ஆஜாம் கரையில் கொண்டுவந்து போட்டுவிடுவேன். உங்கள் ஜனங்கள் பானையில் கொண்டுவந்து கரைத்த சாம்பலை மட்டும்தான் வைத்திருக்கிறேன். மாசி மகத்துக்குத் தெலுக் பகாங்கில் விட்ட விளக்குகூட விடிவதற்குள் கரைக்குப் போய்விடும். இரும்பு கனம், அடியில் கிடக்கலாம். தேடித் தருகிறேன். நாலு விவரம் மட்டும் சொல்லுங்கள். என்றைக்கு விழுந்தது? எந்தப் படகிலிருந்து? கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆள் யார்? துப்பாக்கியில் பொறித்த எண் என்ன? ஒரு எண் கொடுத்தால் ஒன்றைத் தேடுவேன். நாற்பத்து நான்கு கொடுத்தால் நாற்பத்து நான்கு."

தவுக்கே என் பக்கம் திரும்பினார். நான் கோப்பைத் திறந்தேன். அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: 44. அவர் தன் 555 நோட்டை மேசையில் வைத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அதில் என் பெயருக்கு நேரே போன வெள்ளிக்கிழமைக் காப்பி ஒன்று, ரொட்டி சானாய் இரண்டு என்று தேதி போட்டு எழுதியிருந்தது.

ஜெட்டியில் பெரி சங்கு ஊதியது. கடல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போயிற்று. ஆறு மணிக் கூட்டத்தை அக்கரை சேர்க்க வேண்டும். காப்பிக்குக் காசு வைத்துவிட்டு நானும் வெளியே வந்தேன். சிக்னலுக்குப் பக்கத்தில் ரோட்பிளாக். இரண்டு மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டியிருந்தார்கள். நம் பையன்கள் நாலு பேர், வேலை முடிந்து வருகிற அழுக்குச் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தாயிற்று, பையைக் கொட்டிப் பார்த்தாயிற்று. ஒரு போலீஸ்காரர் நாலு ஐசியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இலக்கம். எழுதியதை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். ஓர் இலக்கம்கூடத் தவறவில்லை.